நாரி நோவுக்கு ஒரு வினாக்கொத்து

ஹென்றி கிரே எழுதிய உடற்கூற்று நூல் 1858இல் லண்டனில் வெளிவந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1872இல், அதே நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழ் மாணவர் கைக்கு வந்துவிட்டது. மொழிபெயர்ப்பு வேலை நடந்த இடம் சென்னையோ கொழும்போ இல்லை. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து நாலைந்து கட்டை தூரத்தில், வயலும் தோட்டமும் சூழ்ந்த மானிப்பாய். அங்கே அமெரிக்க மிசன் வைத்தியசாலையில் நாடி பார்த்து, புண்ணுக்கு மருந்து கட்டி, மீதி நேரத்தில் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியது 1816இல். நாலு ஆண்டுகளில் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி எழுந்தது. 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகையும், அடுத்த ஆண்டு மானிப்பாய் அகராதி என்று பெயர் பெற்ற சொற்களஞ்சியமும் அச்சேறின. மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822இல் பிறந்த கிறீன், 1847இல் இந்தச் சூழலுக்குள்தான் வந்து சேர்ந்தார். அச்சுக்கூடம் இருந்தது, பண்டிதர்கள் இருந்தார்கள், ஆங்கிலமும் தமிழும் தெரிந்த இளைஞர்கள் செமினரியிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தார்கள். மானிப்பாயில் அவர் தொடக்கிய வைத்தியப் பாடசாலை, 1870இல் திறக்கப்பட்ட கொழும்பு வைத்தியக் கல்லூரிக்கு இரண்டு தசாப்தம் மூத்தது.

முதலில் அங்கும் பாடம் ஆங்கிலத்தில்தான். படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கும் தெற்கே மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கும் போய்விட்டார்கள். ஊருக்கு வைத்தியர் வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய பள்ளி ஊரை விட்டுப் போகிறவர்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. 1855இல் மிசன் தலைமை அனுப்பிய தூதுக்குழு ஆங்கிலக் கல்வியைக் குறை கூறியதும், வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டதும் இதே காலம். கிறீன் எடுத்த முடிவு தெளிவானது: வைத்தியத்தைத் தமிழில் கற்பிப்பது. 1864 முதல் மானிப்பாயில் வைத்தியப் பாடம் தமிழில் நடந்தது. தன் மாணவர்கள் வெள்ளைக்காரரைப் போல உடுத்தி நடப்பதையும் அவர் விரும்பவில்லை. தமிழராகவே வாழ்ந்து தமிழரிடையே வைத்தியம் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பாடம் தமிழில் என்றால் புத்தகம் தமிழில் வேண்டும். மான்செலின் மகப்பேற்று நூல் ‘பிரசவ வைத்தியம்’ ஆக 1857இலேயே வந்திருந்தது. துருயிற்றின் சத்திரசிகிச்சை நூல் ‘இரண வைத்தியம்’ ஆனது 1867இல். கிரேயின் நூல் வந்த 1872இலேயே ஹூப்பரின் கைந்நூல் ‘வைத்தியாகரம்’ ஆயிற்று. வெல்ஸின் இரசாயன நூல் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் 1875இல் வெளிவந்தது. உடல்நலம் குன்றி 1873இல் வூஸ்டருக்குத் திரும்பிய பிறகும் கிறீன் ஓயவில்லை. டால்ற்றனின் உடற்றொழில் நூல் ‘மனுஷ சுகரணம்’ ஆக அச்சானது 1883இல். மறு ஆண்டு அவர் இறந்துபோனார். எல்லாவற்றையும் சேர்த்தால் 4,000 பக்கங்களுக்கு மேல். தன் கல்லறைக் கல்லில் தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று பொறிக்கச் சொல்லியிருந்தார், அப்படியே பொறித்திருக்கிறார்கள்.

இந்த வேலை ஒரு கை வேலை இல்லை. டான்போர்த், சாப்மன் என்ற பெயர்களை நூல்களின் முகப்பில் பார்க்கிறவர்கள் அவர்களையும் அமெரிக்கர் என்றே நினைப்பார்கள். உண்மையில் அவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்; மாணவர் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளர்களின் பெயரை அவர்களுக்கு இடுவது மிசன் வழக்கம். சுவாமிநாதன் போன்றோர் ஊர்ப் பெயருடனேயே இருந்தார்கள். மொழிபெயர்த்தது பெரும்பாலும் இந்த மாணவர்களும் உதவியாளர்களும்தான். கிறீன் பார்த்து, ஒப்பிட்டு, திருத்தி, சொற்களை ஒழுங்குபடுத்தினார். தமிழில் சொல் இருந்தால் அதையே எடுப்பது, இல்லாவிடில் வடமொழியை நாடுவது, அதுவும் கைகொடுக்காவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்ற வரிசையை அவர் கடைப்பிடித்தார். ‘கெமிஸ்தம்’ அந்த மூன்றாம் படியில் பிறந்த பெயர். துறைவாரியாகச் சொற்பட்டியல்களும் தயாராகின. கிறீன் பயிற்றிய வைத்தியர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களில் பாதியளவினர் தமிழிலேயே கற்றவர்கள்.

யாழ்ப்பாணம் அப்போது வைத்தியச் சொல் இல்லாத வெறுந்தரையாகவும் இருக்கவில்லை. யாழ்ப்பாண மன்னர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துடன் சேர்த்துப் பேசப்படும் வைத்திய நூல்களான செகராசசேகரமும் பரராசசேகரமும் ஏட்டில் இருந்தன. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை பின்னாளில் பாகம் பாகமாகப் பதிப்பித்தார். வாதம், பித்தம், கபம் என்று நோயைப் பிரித்துப் பேசும் பரியாரிமார் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். நோயாளியின் வாயிலும் அந்தச் சொற்களே இருந்தன.

இங்கேதான் கிறீனின் பெருஞ்சாதனைக்குள்ளே ஒரு இடைவெளி தெரிகிறது. சுகரணம், அங்காதிபாதம் போன்றவை மாணவன் கற்றுக்கொண்டு ஆசிரியரிடம் ஒப்புவிக்கக்கூடிய சொற்கள். வைத்தியசாலைத் திண்ணையில் குந்தியிருந்த நோயாளி அவற்றைச் சொல்லி முறையிட மாட்டார். நூல்கள் வைத்தியர் பேசுவதைத் தமிழாக்கின. நோயாளி பேசுவதை வைத்தியத்தின் கணக்குக்குள் கொண்டுவருவது வேறொரு வேலை. அந்த வேலைக்கு முறையும் பெயரும் வர இன்னும் நூறு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் தமிழில் வைத்தியம் கற்பிப்பதே நின்றுவிட்டது. கொழும்புக் கல்லூரியின் மொழி ஆங்கிலம். அரசாங்கம் ஏற்ற பட்டம் அங்கே கிடைத்தது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோதும் கற்கைமொழி ஆங்கிலம்தான். கிறீனை அடுத்த தலைமுறைக்கு நினைவூட்ட, கவிஞர் அம்பி 1967இல் ‘கிறீனின் அடிச்சுவடு’ எழுத வேண்டியிருந்தது.

அந்த நூறு ஆண்டும் நோயாளி தமிழில்தான் நொந்தார். யாழ்ப்பாணத்தில் முதுகின் கீழ்ப்பகுதிக்கு நாரி என்று பெயர். “நாரி பிடிச்சுப் போட்டுது, குனியேலாது” என்று ஒரு தோட்டக்காரர் சொன்னால் அதில் இடம், நோவின் தன்மை, அதனால் நின்றுபோன வேலை மூன்றும் இருக்கின்றன. நோ ஒரு வகை என்றால் உளைவு வேறு வகை. கால் உளையுது என்று சொல்கிறவர் குத்து நோவைச் சொல்லவில்லை. விறைப்பு, எரிவு, கடுப்பு, இழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. சிலர் இதையெல்லாம் வாயு என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். நாரி முறிந்ததுபோல நொந்தால் ஒட்டகப்புலத்து முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் எண்ணெய் போட்டுக் கட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. பெரியாஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தால், எதிரே இருக்கும் இளம் வைத்தியர் இந்தப் பேச்சை மனதுக்குள் ஆங்கிலமாக்கிக் குறிப்பெழுதுவார். நாளுக்கு நூறு தடவை நடக்கும் இந்த மொழிபெயர்ப்பை எவரும் சரிபார்ப்பதில்லை.

நாரி நோவில் இது பெரிய சிக்கல். காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு, இரத்த அழுத்தத்துக்குக் கருவி உண்டு. நாரி நோவுக்குப் படம் எடுத்தால், படத்தில் தேய்வு தெரிகிறவர் நோவில்லாமல் நடப்பார். படம் சுத்தமாக இருக்கிறவர் கட்டிலை விட்டு எழும்ப மாட்டார். ஆகவே நோயாளியைக் கேட்பதைத் தவிர வழியில்லை. கேட்பதையும் ஒரே மாதிரிக் கேட்டால்தான் நேற்றைய பதிலையும் இன்றைய பதிலையும், ஒருவரையும் இன்னொருவரையும் ஒப்பிடலாம். வேல்ஸ் எல்லைக்கு அருகே உள்ள ஆங்கிலேய ஊரான ஒஸ்வெஸ்ற்றியில், ஜோன் ஓ’பிரையன் 1976இல் நாரி நோயாளிகளை விசாரிக்கும் வேலையைத் தொடக்கினார். அதிலிருந்து பிறந்த வினாக்கொத்து 1980இல் வெளியானது. நோவின் கடுமை, தன்னைத்தானே பராமரித்தல், பாரம் தூக்குதல், நடத்தல், இருத்தல், நிற்றல், நித்திரை, தாம்பத்தியம், சமூக வாழ்வு, பயணம் எனப் பத்துப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி, மொத்தம் 50. அதை இரட்டித்தால் நூற்றுக்கு எவ்வளவு இயலாமை என்று தெரியும். மூன்று ஆண்டுகள் கழித்து ரோலண்டும் மொறிசும் 136 கேள்விகள் கொண்ட பெரியதொரு நோய்த்தாக்க வினாக்கொத்திலிருந்து 24 வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ‘என் முதுகினால்’ என்று சேர்த்து இன்னொரு தாளை ஆக்கினார்கள்.

இரண்டும் உலகம் சுற்றின. எழுதினவர்கள் ஆங்கிலேயர், நிரப்பப்போகிறவர்கள் பின்லாந்துக்காரர், துருக்கியர், தமிழர். அகராதியை வைத்து மொழிபெயர்த்தால் போதாது என்று உளவியலாளர் ரிச்சர்ட் பிறிஸ்லின் 1970இலேயே எழுதியிருந்தார். மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுவரச் செய்யும் முறையை அவர் விளக்கினார். 2000இல் டொர்காஸ் பீற்றனும் கூட்டாளிகளும் இதை முழு ஒழுங்காக வகுத்தார்கள். இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். ஒருவர் விடயம் தெரிந்தவர், மற்றவர் தெரியாதவர். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். மூலத்தைக் காணாத இருவர் அதைத் திரும்ப மொழிபெயர்க்க வேண்டும். வைத்தியர், மொழி தெரிந்தோர், மொழிபெயர்த்தோர் எல்லோரும் ஒரு மேசையில் இருந்து ஒவ்வொரு வரியாகத் தீர்மானிக்க வேண்டும். பிறகு 30 முதல் 40 பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் என்னவென்று விளங்கிக்கொண்டீர்கள் என்று கேட்க வேண்டும்.

அதற்கு மேலே எண்களின் சோதனை. நிலைமை மாறாத நோயாளியிடம் சில நாள் விட்டு அதே தாளைத் திரும்பக் கொடுத்தால் ஏறத்தாழ அதே புள்ளி வருகிறதா? வேறு அளவீடுகளில் மோசமாக இருப்பவர் இதிலும் மோசமாக வருகிறாரா? கேள்விகள் ஒன்றோடொன்று இசைந்து போகின்றனவா? பின்லாந்துக்காரர் ஒஸ்வெஸ்ற்றித் தாளின் தங்கள் மொழிப் பிரதியை இப்படிச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அப்போது ஐம்பத்தைந்து இலட்சம் பேர்கூட இல்லாதிருந்த நாடு, தன் மொழியில் நோவைக் கேட்பதற்கு அத்தனை சிரத்தை எடுத்துக்கொண்டது. அதைவிடப் பலமடங்கு பெரிய மொழியைப் பேசுகிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

அந்தத் தாளை யாழ்ப்பாணத்து வீடொன்றின் முற்றத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் சிக்கல் விளங்கும். இருத்தல் பற்றிய பகுதி கதிரையைப் பற்றியே பேசுகிறது. இங்கே நாரிக்குச் சோதனை வருவது பாயிலும் தரையிலும் சம்மணம் கொட்டி இருக்கும்போது, திருவலையில் இருந்து தேங்காய் திருவும்போது, குந்தியிருந்து பாத்திரம் கழுவும்போது, கோயிலில் விழுந்து கும்பிட்டு எழும்பும்போது. பாரம் தூக்கும் பகுதி நிலத்திலிருந்து எடுப்பதையும் மேசையிலிருந்து எடுப்பதையும் வேறுபடுத்துகிறது. கிணற்றில் தண்ணீர் அள்ளி இடுப்பில் குடம் வைத்து நடக்கும் பெண்ணுக்கு இரண்டும் பொருந்தாது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் தோட்டக்காரருக்கு, ‘நிற்றல்’ என்ற தலைப்பின் கீழ் எதைச் சொல்வது என்று தெரியாது. நடத்தல் பகுதியில் வரும் மைலையும் யாரையும் மீற்றராக மாற்றிவிடலாம். ஆனால் ஒரு மூதாட்டியைக் கேட்டால் கோயிலடி மட்டும், சந்தி மட்டும், பஸ் நிற்கும் இடம் மட்டும் என்று இடம் சொல்லித்தான் தூரத்தை அளப்பார்.

எட்டாம் பகுதியான தாம்பத்தியம் இன்னும் கடினமானது. வாசிக்கக் கண்பார்வை குறைந்த முதியவருக்குத் தாளை வாசித்துக் காட்டுகிறவர் தாதியாகவோ, கூட வந்த மகளாகவோ இருப்பார். மகளின் வாயால் அந்தக் கேள்வி எழும்பாது. எழும்பினாலும் பதில் வராது. பல நாடுகளில் இந்தப் பகுதியை நிரப்பாமல் விடுகிறவர்கள் அதிகம் என்பதால், மீதி ஒன்பது பகுதிகளை வைத்தே புள்ளி கணக்கிடும் முறையும் இருக்கிறது. சரியான ஏற்பாடு இது என்றே சொல்ல வேண்டும். வெட்கத்தை உடைப்பது நாரி நோவை அளக்க வந்தவரின் வேலை இல்லை.

யாழ்ப்பாணம் இந்தக் கலையைக் கற்றது நாரி நோவினால் இல்லை. யுத்தத்தினால். போரின் நடுவே, மருந்துக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடு நிலவிய குடாநாட்டில், உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் சா. சிவயோகனும் பொதுமக்களின் மனத்துக்கு என்ன நடந்திருக்கிறது என்று அளக்க முனைந்தார்கள். எழுமாறாகத் தெரிவுசெய்த 98 பேரிடம் வினாக்கொத்தும் விரிவான நேர்காணலுமாக நடத்திய அந்த ஆய்வு 1994இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் வெளியானது. யுத்தத்தின் அழுத்தம் எதையும் அனுபவிக்காதவர்கள் 6 வீதம் மட்டுமே. மனவடுவின் பின்னான நெருக்கீட்டு நோய் 27 வீதத்தினரிடம், பெருமனச்சோர்வு 25 வீதத்தினரிடம். எல்லாவற்றையும் விட உயர்ந்து நின்ற எண் 41: மன வேதனையை உடல் வழியே வெளிப்படுத்தியவர்களின் வீதம்.

இந்த எண் நாரி நோவுக்கும் பொருந்துகிறது. தலையிடி, நெஞ்சு நோ, உடம்பு உளைவு, நாரிப்பிடிப்பு என்று வைத்தியரிடம் வருகிறவர், மகன் காணாமல் போனதையும் வீடு எரிந்ததையும் அந்த நோவுக்குள்ளேயே வைத்திருக்கலாம். ஆங்கிலத் தாளில் உடல் ஒரு பக்கம், மனம் இன்னொரு பக்கம். பெருமூச்சு விட்டு “உடம்பெல்லாம் நோகுது டொக்ரர்” என்கிற பெண் எந்தப் பக்கத்தில் குறியிடுவார்? சோமசுந்தரமும் சிவயோகனும் ஊழியர்களுக்காக 2000இல் தமிழ்ச் சமூகத்தின் உளநலம் பற்றிய கைந்நூலை ஆக்கியபோது, உலக சுகாதார நிறுவனத்தின் அகதிகளுக்கான நூலை வரிக்கு வரி மொழிபெயர்த்துவிட்டு நிற்கவில்லை. ஊர்க் கதைகளையும் ஊர்ப் பேச்சையும் வைத்து மாற்றி எழுதினார்கள். கிறீனின் நூல்கள் தொட்டும் தொடாமலும் விட்ட இடத்தை இந்த எழுத்து தொட்டது என்பது இக்கட்டுரையின் துணிபு.

யுத்தம் முடிந்த 2009இல், யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 1,448 பேர் பங்கெடுத்தார்கள். பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதம், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதம், நெருக்கீட்டு நோயின் அறிகுறிகள் 7 வீதம் என்று 2011இல் முடிவு வெளியானது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தோரிடம் இவை உயர்ந்திருந்தன. பயன்பட்ட தாள்களில் ஒன்று ஹாவர்ட் மனவடு வினாக்கொத்து. அமெரிக்காவில் தஞ்சமடைந்த கம்போடிய, லாவோஸ், வியட்நாமிய அகதிகளுக்காக ஆக்கப்பட்டு, அங்கிருந்து பல மொழிகளுக்குப் போனது. அகதியின் துயரை அளக்க அகதிகளுக்காகவே ஆக்கப்பட்ட தாள். அந்த வகையில் நல்ல தெரிவு. என்றாலும் அதன் சொற்கள் வேறொரு மக்களின் வாயிலிருந்து எடுத்தவை.

வழியைத் தலைகீழாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. பென்சில்வேனியா, பேராதனை ஆகிய பல்கலைக்கழகங்களின் பெயரைத் தாங்கிய ஒரு வினாக்கொத்து, வடக்கு கிழக்கு மக்களை முதலில் பேசவிட்டு, யுத்தத்தால் அவர்களுக்கு நேர்ந்த பிரச்சினைகள் என்று அவர்களே சொன்னவற்றிலிருந்து கேள்விகளைக் கட்டியது. பிறகு 197 பேரிடம் அதையும், மேலைநாட்டுத் தாள்களின் மொழிபெயர்ப்பையும் சேர்த்துச் சோதித்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, மொழிபெயர்த்த தாள்கள் சொன்னவற்றுக்கு மேலாக, ஊர்ப் பேச்சில் பிறந்த தாள் ஒருவரின் அன்றாட இயக்கம் எவ்வளவு குன்றியிருக்கிறது என்பதை எடுத்துக் காட்டியது. மொழிபெயர்த்த தாள்களும் பயனற்றுப் போகவில்லை. இரண்டும் வேண்டும் என்று எண்களே சொல்லின.

நாரி நோவுக்குத் தமிழில் தாள் ஆக்குகிறவர்கள் இந்த அனுபவத்தை எடுத்துக்கொள்ளலாம். வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஈக்யூ-5டி போன்ற வினாக்கொத்துகளில் இந்தியத் தமிழுக்கு ஒரு பிரதியும் சிங்கப்பூர்த் தமிழுக்கு இன்னொன்றும் இருப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஆக்கிய தாளில் ‘இடுப்பு வலி’ என்று இருந்தால் யாழ்ப்பாணத்தவருக்கு விளங்கும். ஆனால் தன் நோ இருக்கும் இடத்தைத்தான் கேட்கிறார்களா என்று யோசிப்பார். யாழ்ப்பாணத்தில் ஆக்கிய தாளில் ‘நாரி’ என்று எழுதினால், அந்தச் சொல்லைப் பெண் என்ற பொருளில் மட்டும் அறிந்த மதுரைக்காரர் திகைப்பார். மட்டக்களப்பிலும் மலையகத்திலும் பேச்சு இன்னும் வேறு. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி முதுகில் சுமந்து சரிவில் நிற்கும் தோட்டத் தொழிலாளிக்கும், வள்ளத்தில் வலை இழுக்கும் குருநகர்க் கடற்றொழிலாளிக்கும், பனையேறி இறங்கும் சீவல் தொழிலாளிக்கும் முதுகு படும் பாடு ஒன்றில்லை. தாளைச் சோதிக்க எடுக்கும் அந்த 30, 40 பேரை யாழ் போதனா வைத்தியசாலை வரிசையிலிருந்து மட்டும் எடுத்தால், படித்தவர்களும் பட்டினத்தவர்களும் கூடிவிடுவார்கள். தீவகத்துக்கும் வடமராட்சிக்கும் வன்னிக்கும் தாளைக் கொண்டுபோய், வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, “இதை என்னெண்டு விளங்கினனீங்கள் அம்மா?” என்று கேட்டு, அவர் சொன்னபடி வரியைத் திருத்தி, பிறகு இன்னொரு முறை கொண்டுபோக வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் பணமும் ஒதுக்க வேண்டியவர்கள் மருத்துவ பீடமும் மாகாண சுகாதாரத் திணைக்களமும். அந்தத் தாளை நிரப்ப வேண்டியவர்கள் காலை ஆறு மணியிலிருந்து கிளினிக் வாங்கில் நாரியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.